முகவரி தவறினால் கேட்பது யாரை?

பீடோங் வட்டாரத் தோட்டமொன்றில் என் தாத்தா பால் மரம் வெட்டிய காலத்தில், லயத்து மக்களுக்கு வரும் கடிதங்கள் முதலில் தோட்ட அலுவலகத்திற்கே வந்து சேரும். முகவரியில் பெயர் பிழையாக இருந்தாலும் கிராணி ஆளை அறிந்து உரியவரிடம் கொடுத்துவிடுவார்.

அண்மையில், சுங்கைப்பட்டாணியில் வேலை செய்யும் என் சித்தி மகன், "அண்ணே, பிட்காயின தப்பான முகவரிக்கு அனுப்பிட்டா யாரக் கேக்குறது?" என்றான். அவனுக்கு நான் சொன்ன விளக்கமே இக்கட்டுரை.

2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயினில், முகவரியை எந்த அலுவலகமும் வழங்குவதில்லை. அது கணக்கிட்டுப் பெறப்படுவது. முதலில் மிகப் பெரிய எண்ணொன்று தற்செயலாகத் தெரிவு செய்யப்படும். ஒரு காசை 256 முறை சுண்டி, பூவா தலையா எனக் குறித்துக்கொள்வதைப் போன்றது இது. இதுவே தனிச்சாவி. அதிலிருந்து கணித முறையில் பொதுச்சாவி பெறப்படுகிறது. பொதுச்சாவியிலிருந்து தனிச்சாவியைக் கண்டுபிடிப்பதோ இன்றைய கணினிகளால் இயலாது.

பொதுச்சாவியை ஷா-256, ரைப்எம்டி-160 என்னும் இரு முறைகளால் அடுத்தடுத்துச் சுருக்கினால் 20 பைட் அளவுள்ள எண் கிடைக்கும். '1' என்று தொடங்கும் பழைய வகை முகவரியில், இதன் இறுதியில் 4 பைட் சரிபார்ப்பு எண் சேர்க்கப்பட்டு, யாவும் 58 எழுத்துருக்களால் எழுதப்படும். கண்ணைக் குழப்பும் பூஜ்ஜியம், பெரிய 'ஓ', பெரிய 'ஐ', சிறிய 'எல்' ஆகிய நான்கும் அவற்றில் இடம்பெறா.

ஓரெழுத்தைத் தவறாகத் தட்டினால் சரிபார்ப்பு எண் பொருந்தாது. பணப்பைச் செயலி அனுப்ப மறுத்துவிடும். தற்செயலான பிழை தப்பிச் செல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று. இயந்திரக் கிராணியின் வேலை அவ்வளவுதான். முகவரி பிழையின்றி இருந்து, அது மோசடிக்காரனுடையதாக இருந்தால், அது தடுக்காது. பதிவாகி உறுதியான பணத்தைப் பெற்றவரே மனமிரங்கித் திருப்பி அனுப்பினாலொழிய மீட்க வழியில்லை. மலேசியாவில் மின்னியல் நாணயச் சந்தைகளை 2019 முதல் செக்யூரிட்டிஸ் கமிஷன் மேற்பார்வையிடுகிறது; ஆயினும் அப்பதிவை அதனாலும் அழிக்க முடியாது.

ஆகவே தம்பியிடம் மூன்று சொன்னேன். முகவரியை முழுவதுமாக ஒப்பிட்டுப் பார். முதலில் சிறு தொகையை அனுப்பி, சேர்ந்ததா என்று உறுதிசெய். பணப்பையை மீட்கத் தரப்படும் 12 அல்லது 24 சொற்களை எவர் கேட்டாலும் சொல்லாதே, அவையே சாவி.

நண்பர்களே, முகவரியைப் பணம் அனுப்புபவருக்குத் தரலாம். சாவி நம்மிடமே இருக்கட்டும்.