கீழாநெல்லியும் கல்லீரலும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சின்னசேலம் வட்டாரத்தில் மஞ்சள் காமாலை என்றதும் முதலில் தேடப்படுவது கீழாநெல்லி. மழை விழுந்தால் மக்காச்சோளக் காட்டிலும் மரவள்ளி வரப்பிலும் விதைக்காமலே முளைக்கிற செடி இது. முழ உயரத்துக்கு மேல் அதிகம் வளராது. இலைகளுக்கு அடியில் சின்னஞ்சிறு பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். செடியைப் பிடுங்கிக் கழுவி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு விழுதை மோரில் கரைத்து மூன்று நாள் வெறும் வயிற்றில் குடிப்பது வழக்கம். கரிசலாங்கண்ணி, சீந்தில், நிலவேம்பு ஆகியவையும் கல்லீரலுக்கு நல்லவை என்று பெயர் பெற்றவை. இன்று இவையெல்லாம் மாத்திரையாகவும் டானிக்காகவும் கடைகளில் கிடைக்கின்றன. இவற்றைக் குடித்துக் குணமானோம் என்று சொல்பவர்களின் அனுபவம் பொய்யல்ல. அந்தக் குணத்துக்குச் சொல்லப்படும் காரணம்தான் பெரும்பாலும் தவறு.

நம்பிக்கை: கீழாநெல்லி குடித்தால் காமாலை இறங்கிவிடும்.

காமாலை தனி நோயல்ல, நோயின் அடையாளம். இரத்தத்தில் 100 மில்லிக்கு ஒரு மில்லிகிராம் அளவுக்குள் இருக்க வேண்டிய பிலிருபின், ஏறத்தாழ மூன்றைத் தொடும்போது கண்ணின் வெண்பகுதி மஞ்சளாகத் தெரிகிறது. அசுத்தமான குடிநீர், உணவு வழியே வரும் ஹெப்படைடிஸ் ஏ, ஈ வைரஸ்கள், இரத்தத்தின் வழியே பரவும் பி, சி வைரஸ்கள், மது, சில மருந்துகள், எலிக்காய்ச்சல், பித்தக்குழாயில் சிக்கிய கல், கணையப் புற்றுநோய் என அதற்குக் காரணங்கள் பல. இவற்றில் ஏ, ஈ வகைகள் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தாமாகவே ஆறிவிடும். கண்ணில் மஞ்சள் தெரிவதற்கு முன்பே காய்ச்சலும் குமட்டலுமாகப் பல நாள் கழிந்திருக்கும். மருந்து தேடிப் போவதற்குள் உடல் வைரஸை அடக்கத் தொடங்கிவிடுகிறது. எந்த இலையைக் குடித்தாலும், எதையும் குடிக்காவிட்டாலும் அந்த மஞ்சள் இறங்கியிருக்கும். பித்தக்குழாய் அடைபட்டவருக்கோ எத்தனை நாள் குடித்தாலும் இறங்காது. அவருக்கு அடைப்பை நீக்கும் சிகிச்சைதான் வேண்டும். காரணம் எதுவென்று தெரியாமல் மூன்று நாள், இன்னும் மூன்று நாள் என்று தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

நம்பிக்கை: ஹெப்படைடிஸ் பி வைரஸைக் கீழாநெல்லி ஒழிக்கும் என்று அறிவியலே நிரூபித்துவிட்டது.

இது வெறும் வதந்தியல்ல. இதற்கு உண்மையான ஒரு தொடக்கம் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். பி. தியாகராஜன் குழுவினர், ஹெப்படைடிஸ் பி வைரஸின் அடையாளத்தைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாருக் பிளம்பெர்குடன் இணைந்து ஓர் ஆய்வு நடத்தினர். வைரஸை நெடுநாள் சுமப்பவர்களுக்கு வேர் நீங்கலான கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை, 30 நாள் தரப்பட்டது. ஒப்பீட்டுக்காக வேறு சிலருக்கு வெற்று மருந்து கொடுக்கப்பட்டது. கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது; வெற்று மருந்து பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி மறைந்தது. 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியான இந்த முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. தமிழ்நாட்டு வரப்புச் செடி ஒன்று முறையான சோதனைக்கு வந்ததில் பெருமைப்பட நியாயம் உண்டு.

ஆனால் ஓர் ஆய்வோடு விஷயம் முடிவதில்லை. தாய்லாந்தில் நடந்த ஆய்வு 1990இல் அதே இதழில் வந்தது. அங்கே வைரஸ் மறையவில்லை. பிற நாடுகளில் செய்து பார்த்தவர்களுக்கும் சென்னையில் கண்ட பலன் கிட்டவில்லை. 2011இல் காக்ரேன் அமைப்பு 16 ஆய்வுகளைத் திரட்டி அலசி, வெற்று மருந்தைவிட இச்செடி நன்மை தருகிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்று முடிவு செய்தது. நம் ஊரில் மேடையிலும் வாட்ஸப்பிலும் 1988 மட்டுமே பேசப்படுகிறது. அதற்குப் பின் வந்தவை பேசப்படுவதில்லை. ஹெப்படைடிஸ் பி உள்ளவர் கீழாநெல்லியை நம்பிப் பரிசோதனையைக் கைவிட்டால், வலி எதுவும் இல்லாமலே ஈரல் சுருக்கமோ புற்றுநோயோ முற்றிவிடக்கூடும். டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகள் இந்த வைரஸை அடக்கி வைக்கின்றன. ஹெப்படைடிஸ் சி-யைப் பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே முழுதாகக் குணப்படுத்திவிடலாம். 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இரண்டுக்கும் அரசு மருத்துவம் இலவசம்.

நம்பிக்கை: பச்சிலைதானே, பக்கவிளைவு இருக்காது.

பேயாவரை என்றும் பொன்னாவரை என்றும் அழைக்கப்படும் செடி தரிசு நிலங்களில் தாராளமாக வளர்கிறது. அதன் விதைகளைத் தின்ற குழந்தைகளுக்குக் கல்லீரல், தசை, மூளை மூன்றும் பாதிக்கப்பட்டு உயிரிழப்பு நேர்ந்ததை உத்தரப் பிரதேசத்தில் ஆராய்ந்து கண்டறிந்தார்கள். அதுவும் பச்சைச் செடிதான்.

அண்மைக் கால உதாரணம் சீந்தில். கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று பலர் இதைக் கஷாயமாகவும் மாத்திரையாகவும் உட்கொண்டனர். 2020 இறுதியில் மும்பையில் ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு தெரிந்தது. பின்னர் நாடெங்கும் 13 மருத்துவ மையங்களில் 43 பேரின் விவரங்கள் திரட்டப்பட்டு 2022இல் வெளியாயின. பலருக்கு, உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் வகையில் அழற்சி ஏற்பட்டிருந்தது. வேறொரு சீந்தில் இனத்தோடு குழப்பிக்கொண்டார்கள் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. அந்த மறுப்பே சரியென்று வைத்துக்கொண்டாலும், கடையில் வாங்குபவருக்கு இந்த இனமா அந்த இனமா என்று பிரித்தறிய வழியில்லை.

மஞ்சளின் நிலையும் கவனிக்கத் தக்கது. குழம்பில் போடும் மஞ்சளால் கல்லீரலுக்குக் கேடில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற சத்தைச் செறிவாக்கி, உடல் அதிகம் உறிஞ்சுவதற்காக மிளகுச் சத்தும் சேர்த்து விற்கும் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட மரபணு அமைப்பு உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல். சமையலறையில் பழகிய பொருள் என்பது மாத்திரைக்குச் சான்றிதழ் ஆகாது.

நம்பிக்கை: பொட்டலத்தில் எழுதியிருப்பதுதான் உள்ளே இருக்கும்.

தென்னிந்தியக் கடைகளில் விற்ற கீழாநெல்லியைப் பரிசோதித்தபோது, ஏறத்தாழ கால்வாசி மாதிரிகளில் மேலாநெல்லி உள்ளிட்ட வேறு இனங்கள் இருந்தன. பாஸ்டன் நகரக் கடைகளில் 2004இல் சோதிக்கப்பட்ட 70 ஆயுர்வேத மருந்துகளில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காணப்பட்டது. உரிமம், தயாரிப்புத் தேதி, தொகுதி எண் இல்லாத சூரணத்தை வாங்கவே கூடாது.

நம்பிக்கை: குடிப்பவர்கள் கூடவே ஈரல் டானிக் சாப்பிட்டால் கல்லீரல் கழுவப்பட்டுவிடும்.

கல்லீரலைக் கழுவும் மருந்து எதுவும் இல்லை. உலகில் அதிகம் விற்கும் கல்லீரல் மூலிகையான சிலிமரினை, ஹெப்படைடிஸ் சி நோயாளிகளிடம் வழக்கத்தைவிடக் கூடுதல் அளவில் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2012இல் வெளியானது. வெற்று மருந்தைவிட அது மேலாக இல்லை. மதுவால் கல்லீரலில் படிந்த கொழுப்பு, மதுவை நிறுத்திய சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். டானிக்கை நம்பிக் குடியைத் தொடர்பவருக்கு அது நடக்காது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இது ஏட்டுப் பாடமல்ல. 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றிலும் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. மெத்தனாலைச் சிதைக்க முயலும் கல்லீரலே அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அது கண் நரம்பைக் கருக்கி உயிரையும் வாங்குகிறது. அந்த மாற்றத்தைத் தடுக்கும் ஃபோமெபிசோல் போன்ற மாற்று மருந்தும் டயாலிசிஸும் மருத்துவமனையில்தான் கிடைக்கும். மோரோ, எலுமிச்சைச் சாறோ, எந்த மூலிகையோ அதற்கு ஈடாகாது.

நம்பிக்கை: காமாலைக்கு உப்பு, எண்ணெய், பருப்பு ஆகாது.

வயிற்றில் நீர் கோத்தவருக்குத்தான் உப்பைக் குறைக்கச் சொல்கிறார்கள். மற்றவர்கள் பசிக்கேற்ப வழக்கமான உணவையே உண்ணலாம். ஈரல் சுருக்கம் உள்ளவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் வேண்டும். வெறும் மோர்ச் சோற்றுப் பத்தியம் அவரது தசையைக் கரைக்கிறது.

காமாலையோடு தடுமாற்றம், ஓயாத தூக்கம், பிதற்றல், நிற்காத வாந்தி, ஈறிலோ மலத்திலோ இரத்தம் என எது தெரிந்தாலும் கைவைத்தியத்துக்கு நேரமில்லை. கல்வராயன் மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் பொழுது விடியட்டும் என்று காத்திராமல் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாவிட்டாலும் அன்றே போக வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் ஹெப்படைடிஸ் ஈ, தாக்கிய பெண்களில் நான்கில் அல்லது ஐந்தில் ஒருவரின் உயிரைப் பறிக்கக்கூடியது. என்ன மூலிகை, எத்தனை நாள், எவ்வளவு குடித்தது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மீதமிருக்கும் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.