முன் கண்ணாடி மாற்றும்போது பசையையும் விசாரியுங்கள்

கண்ணாடி விரிசல் விட்ட காரோடு சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டுதான்: எவ்வளவு ஆகும், வண்டி எப்போது கிடைக்கும்? மயிலாப்பூரிலும் அடையாறிலும் வீட்டுக்கே வந்து மாற்றித் தருகிறவர்களிடமும் இதே கேள்விகள்தான். எந்தப் பசை போடுகிறீர்கள் என்று கேட்பவர் அபூர்வம். விபத்தில் உயிர் காப்பதோ அந்தப் பசை.

அம்பாசிடர் காலத்தில் ரப்பர் பீடிங்தான் கண்ணாடியைப் பிடித்திருந்தது. இன்றைய கார்களில் பாலியூரித்தேன் பசை அதை பாடியோடு ஒன்றாக்கிவிடுகிறது. வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் தாங்குவதில் கண்ணாடிக்கும் பங்குண்டு. பல கார்களில் முன்சீட் பயணியின் ஏர்பேக் மேல்நோக்கி வெடித்து, கண்ணாடியில் முட்டித்தான் ஆளின் பக்கம் விரியும். பசை பிடிக்காத கண்ணாடி அந்த அடியிலேயே கழன்றுவிடலாம். அப்புறம் ஏர்பேக் இருந்தும் பயனில்லை.

கண்ணாடியின் மூலையில் உள்ள அச்சைப் படியுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை, ஐஎஸ் 2553 என்ற எண், லேமினேட்டட் என்ற குறிப்பு மூன்றும் வேண்டும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்ததுதான் லேமினேட்டட். உடைந்தாலும் துண்டுகள் முகத்தில் தெறிக்காது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி, முன் கண்ணாடி குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தை உள்ளே விட வேண்டும் என்கிறது.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பழைய பசையை மெல்லிய படலமாக விட்டுச் சீவ வேண்டும். சீவும்போது பெயின்ட்டில் கீறல் விழுந்தால் பிரைமர் பூசாமல் மேலே போக விடாதீர்கள். சாந்தோம், பெசன்ட் நகர் உப்புக்காற்றில் அந்த இடம் சீக்கிரம் துருப்பிடிக்கும், துருவின் மேல் பசை நிற்காது. புதுப் பசை எங்கும் அறுபடாமல் ஒரே கோடாகச் சுற்றி வர வேண்டும். ட்யூபைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அது குளியலறைக்குப் போடும் சிலிக்கான், நிறுத்தச் சொல்லுங்கள். ட்யூபில் காலாவதித் தேதியையும் பாருங்கள். அமெரிக்காவின் ஏஜிஆர்எஸ்எஸ் தரநிலை, பசையின் லாட் எண்ணையே பதிந்து வைக்கச் சொல்கிறது. நீங்களும் பில்லில் எழுதி வாங்கலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளியில் இந்த வேலை வேண்டாம். ஒட்டும் இடம் நனைந்தால் பிடிமானம் போச்சு. முடிந்த உடனே சாவியை வாங்கிக் கிளம்பவும் கூடாது. ஒரு மணி நேரமா, அதற்கு மேலா என்பது பசையைப் பொறுத்தது. தயாரிப்பாளர் சொன்ன நேரத்தைக் கேட்டுக் காத்திருங்கள். அன்று முழுக்கக் கதவை ஓங்கிச் சாத்தாமல், பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா உள்ள கார் என்றால் அதை மறுபடி அளவு சரிசெய்த பிறகே வண்டியை எடுங்கள்.

செலவுக்கு அஞ்சி மட்டமான சரக்குக்குப் போகத் தேவையில்லை. முழு இன்ஷூரன்ஸ் பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. கட்டாயப் பிடித்தம் 1500 சிசி வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000. க்ளெய்ம் எடுத்தால் நோ க்ளெய்ம் போனஸ் போகுமா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.