'க்ருக்ட்' என்றாலும் சரிதான்

எட்டாம் வகுப்பில் ஆங்கில வாசிப்புப் பயிற்சி. கோணலாக வளர்ந்த மரத்தைப் பற்றிய பத்தி. ஒரு மாணவன் 'எ க்ருக்ட் ட்ரீ' என்று வாசித்தான். 'க்ருக்கிட்' என்று திருத்தினேன். "லுக்ட், குக்ட்னு நேத்து நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க?" என்றான்.

அவன் கேட்டது நியாயம். 'க்' ஒலியில் முடியும் வினைச்சொல்லோடு 'ஈ, டி' சேர்ந்தால் 'ட்' என்றே ஒலிக்கும் என்பதுதான் முதல் நாள் பாடம். விதியை நினைவில் வைத்து வாசித்தவனைத் தவறு என்று உட்காரவைத்தால், அடுத்த முறை அவன் விதியையும் நம்ப மாட்டான், என்னையும் நம்ப மாட்டான். நாளை சொல்கிறேன் என்று கூறிவிட்டு அன்று மாலை அகராதியைப் புரட்டினேன்.

இங்கே இச்சொல் இறந்தகால வினை அன்று, பெயரடை. 'க்ருக்' என்றால் கொக்கி, ஆட்டிடையரின் முனை வளைந்த கோல். ஒரு காலத்தில் 'ஈ, டி' தனி அசையாகவே ஒலித்தது. வினைச்சொற்களில் அது தேய்ந்தது. சில பெயரடைகளில் தங்கிவிட்டது. விக்கிட் (கொடிய), ரேகிட் (கந்தலான) இவ்வகையே. 'லேர்ன்ட்' என்றால் கற்றான்; 'லேர்னிட்' என்றால் கற்றறிந்த. விரலை வளைத்து ஒருவரை அழைத்தாள் என வினையாக வரும்போது மாணவன் சொன்ன 'க்ருக்ட்' தான் சரி!

பொருளிலும் ஒரு நுட்பம் உண்டு. வளைந்ததெல்லாம் க்ருக்கிட் ஆகாது. வானவில்லின் வளைவுக்குக் 'கர்வ்ட்' போதும். நேராக இருக்கவேண்டியது கோணிப்போனால்தான் பெரும்பாலும் இச்சொல் வரும்: வரிசை தப்பிய பல், சாய்ந்து தொங்கும் படம், ஸ்கேல் இல்லாமல் போட்ட மார்ஜின் கோடு. (கடைசி உதாரணத்துக்கு நம் மாணவர்களின் நோட்டே போதும்.) ஓர் அதிகாரியை க்ருக்கிட் என்றால் கூன் விழுந்தவர் என்று பொருளல்ல, நேர்மையற்றவர். 'நேர்' என்பதிலிருந்து 'நேர்மை' வந்த மொழியில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை விளக்க அதிக நேரம் ஆகாது. கொடுங்கோல் என்பதே வளைந்த கோல்தானே.

மறுநாள் இரண்டு வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி அவனையே அழைத்தேன். விரலை வளைத்துக் காட்டியபடி முதல் வாக்கியத்தில் 'க்ருக்ட்' என்றான். இரண்டாவதில் மரம் வந்தது. சற்று நிறுத்தி 'க்ருக்கிட்' என்றான்.