வாவிக்கரைக் கமத்தில் எருமை வளர்ப்பும் கண்காட்சிக்கு ஆயத்தஞ் செய்தலும்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் நெல்லும் மரக்கறியுஞ் செய்யும் குடும்பங்களுக்கு எருமை புதிய பிராணியன்று. உழவு இயந்திரம் வருமுன் வயலைச் சேறாக மிதித்ததும், களத்திலே சூடு மிதித்ததும் எருமையே. அவ்விரு வேலைகளும் பெரும்பாலும் இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டன, தயிர் எஞ்சியது. மண் சட்டியில் உறையும் மட்டக்களப்பு எருமைத் தயிருக்கு மாவட்டத்துக்கு வெளியேயும் நல்ல பெயர் உண்டு. ஆயினும் எருமையைப் பட்டியில் எண்ணிக்கைக்காக வைத்திருத்தல் வேறு, வளர்த்தல் வேறு. நெடுந்தீவிலே ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில் விடப்பட்ட மட்டக்குதிரைகளின் சந்ததிகள் இன்றுந் திறந்த வெளியில் மேய்கின்றன. பார்ப்பதற்கு அழகாயிருப்பினும், அவற்றைத் தெரிந்து இணைப்பாரும் வறட்சியில் நீர் காட்டுவாரும் இல்லாக்கால் அவை மெலிந்து மடிகின்றன. பட்டியிலே எழுபது தலை உண்டென்று பெருமை கொள்ளும் சிலரது எருமைகளின் நிலையும் இதற்கு அதிக தூரத்தில் இல்லை.

எழுவான்கரையில் அரை ஏக்கர் மணற்காணியில் கத்தரியும் மிளகாயும், படுவான்கரையில் மூன்று ஏக்கர் வயலும் உடைய ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்க. இக்குடும்பம் மூன்று கறவை எருமைகளையும் அவற்றின் கன்றுகளையும் நன்றாகப் பராமரிக்கலாம். அதற்கு மேல் வைப்பதாயின் தீனி எங்கிருந்து வருமென்பதை முதலில் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தீனியின் கணக்கு வயலின் கணக்கோடு பிணைந்தது. பெரும்போகம் விதைத்ததும் வயல்கள் அடைக்கப்படுகின்றன. அதே காலத்தில் மாரி வெள்ளம் தாழ்ந்த மேய்ச்சற்றரைகளை மூடிவிடுகின்றது. ஆகவே கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மாதங்களில் கால்நடைகள் மிகக் குறைந்த தீனியோடு மிகக் கூடிய மழையையுங் காற்றையுந் தாங்க வேண்டியிருக்கின்றன. 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மண்டூஸ் புயலை ஒட்டி வீசிய குளிர்காற்றில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகளும் எருமைகளும் ஓரிரு நாளில் இறந்தன. உடலில் கொழுப்பும் வயிற்றில் தீனியும் உள்ள பிராணி தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும். பல நாள் அரைப்பட்டினியாய் நனைந்து நிற்கும் பிராணியால் அது இயலாது. மேற்கூரையும் காற்று வரும் பக்கத்தில் ஒரு கிடுகு மறைப்பும் இருப்பின் அதுவே பெரிய உதவியாகும்.

அம்மாதங்களுக்கு வேண்டிய தீனி பெரும்போக அறுவடையின்போது வயலிலேயே கிடக்கின்றது. மூன்று ஏக்கர் வயலில் ஏறக்குறைய 4 தொன் வைக்கோல் கிடைக்கும். ஓர் எருமை நாளொன்றுக்கு 8 கிலோ வீதம் தின்னுமாயின், மூன்று எருமைகளுக்கு நூறு நாளைக்கு 2,400 கிலோ போதுமானது. இவ்வாறிருக்க, அறுவடை முடிந்ததும் வைக்கோலுக்குத் தீ வைப்பது மார்கழியின் உணவை மாசியிலே எரிப்பதற்கு ஒப்பாகும். நிலத்திலிருந்து ஒரு முழ உயரத்தில் பரண் அமைத்து, நன்றாகக் காய்ந்த வைக்கோலைக் கூர்மையான போராக அடுக்கி, மேலே கிடுகு வேய்தல் வேண்டும்.

வைக்கோல் தனித்து நல்ல உணவன்று. புரதம் மிகக் குறைவு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்துப் படைபடையாகத் தெளித்து, மிதித்து இறுக்கிப் பொலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாது மூடிவைத்தால், பத்து நாளில் அது மெதுவாகிச் சத்தும் ஏறும். எடுத்த வைக்கோலைச் சிறிது நேரம் ஆறவிட்டு, காரநெடி போனபின் கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு இதனைக் கொடுத்தலாகாது. யூரியாக் கரைசல் உள்ள வாளியைப் பிராணி நக்கும்படி விடுதல் உயிருக்கே ஆபத்து. வேலியோரத்துக் கிளிரிசீடியாக் குழையைச் சிறிது வாடவிட்டு வைக்கோலுடன் சேர்த்துக் கொடுப்பின் பிண்ணாக்குச் செலவு குறையும்.

எருமையின் கரிய தோலில் வியர்வைச் சுரப்பிகள் குறைவு. ஆகையால் நண்பகலில் அது நீரை நாடுவது சோம்பலன்று, தேவை. வாவியிற் படுக்க விடுவதிற் குற்றமில்லை. குடிநீர் மட்டும் நன்னீராக இருத்தல் வேண்டும். கோடையில் வாவிநீரின் உப்பு ஏறுமாதலால், கிணற்று நீரைத் தொட்டியில் நிறைத்து வைத்தல் அவசியம்.

இனிக் கன்றைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். எருமை வளர்ப்பிற் பெரும் நட்டம் நேர்வது இங்கேதான். எருமையின் சினைக்காலம் ஏறக்குறைய 310 நாள். இத்தனை நாள் காத்திருந்து பெற்ற கன்றை, ஈன்ற முதல் மாதத்திலே பறிகொடுக்கும் குடும்பங்கள் பல. காரணம் பெரும்பாலும் இரண்டு. ஒன்று பசி. சட்டிகளை நிரப்பும் அவசரத்தில் மடியை முற்றாகக் கறந்துவிட்டு வெறும் மடியிலே கன்றை விடுகின்றனர். பிறந்து ஆறு மணி நேரத்துள் சீம்பால் வயிறாரக் குடியாத கன்றுக்கு நோயை எதிர்க்கும் வன்மை உண்டாவதில்லை. முதல் மூன்று நாட் பால் கன்றுக்கே உரியது. பின்னரும் ஒரு முலையைக் கன்றுக்கென விடுதல் நன்று. மற்றக் காரணம் உருண்டைப் புழு. இப்புழுவின் குடம்பிகள் தாயின் பால்வழியே கன்றின் குடலைச் சேர்கின்றன. கன்று மண்ணிற ஊத்தை நிறத்திலே கழிந்து, வயிறு பருத்து, மயிர் சிலிர்த்து நிற்கும். அந்நிலை வரும்வரை காத்திராது, பிறந்து பத்தாம் நாளுக்கும் பதினாறாம் நாளுக்கும் இடையில் கால்நடை வைத்திய அதிகாரியின் அளவுப்படி பைப்பரசீன் அல்லது பைரன்டெல் மருந்தை ஒருமுறை புகட்டிவிட்டால் பெரும்பாலும் கன்று பிழைத்துக்கொள்ளும். மருந்தின் விலை ஒரு சட்டித் தயிரின் விலையிலும் குறைவாகவே இருக்கும். கன்று இறந்தால் இழப்பு கன்றோடு நிற்பதில்லை; கன்று முட்டாது பால் சுரவாத எருமைகள் பலவாதலின், அவ்வீற்றின் பாலும் அத்துடன் போகும்.

கன்றின் தந்தை யார் என்பதும் முக்கியமானது. இலங்கையின் நாட்டெருமை தோற்றத்திற் சேற்றெருமையைப் போலிருப்பினும், அதன் நிறமூர்த்தங்கள் 50, சேற்றெருமைக்கோ 48. ஆதலால் இது ஆற்றெருமை வகையைச் சேர்ந்தது. முரா, நீலி-ராவி, சூர்ட்டி ஆகிய கறவை இனங்களோடு தடையின்றிக் கலக்கும். கலப்பு நாகு அதிகம் கறக்கும். தீனியும் அதிகம் கேட்கும். தீனி கொடுக்க இயலாதவர் நாட்டெருமையிலே நல்லதைத் தெரிந்து வைப்பதே புத்தி. எதுவாயினும், ஒரே கடாவைப் பட்டியில் மூன்று ஆண்டுக்கு மேல் வைத்திருப்பின் அது தன் மகள்களையே சேரும். தொலைவிலுள்ள பட்டியொன்றோடு கடாவை மாற்றிக்கொள்ளுதல் செலவில்லாத பரிகாரம்.

குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, ஈன்ற நாள், சினைப்படுத்திய நாள், வாரத்தில் ஒரு நாட் பாலின் அளவு ஆகியவற்றை எழுதச் செய்க. உடல் நிறையையும் தராசின்றி அறியலாம். முன்னங்கால்களுக்குப் பின்புறமாக நெஞ்சின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்ட எலும்புவரை நீளத்தையும் சென்ரிமீற்றரில் அளக்க. சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, அதனை நீளத்தாற் பெருக்கி, 10,840ஆல் வகுக்க வருவது கிலோ நிறை. சுற்றளவு 180, நீளம் 130 ஆயின் நிறை ஏறக்குறைய 389 கிலோ. மருந்தின் அளவைத் தீர்மானிக்கவும், விலை பேச வரும் வியாபாரியின் கண்மதிப்பைச் சரிபார்க்கவும் இது உதவும்.

கால்நடைக் கண்காட்சிக்கு ஒரு நாகைக் கொண்டுபோக விரும்பும் குடும்பம், அறிவித்தல் வந்த பின் தொடங்கினாற் போதாது. கன்றுப் பருவத்திலேயே தலைக்கயிறு பழக்கி, நாடோறும் சிறிது தூரம் நடத்திச் சென்று, அந்நியர் தொட்டாலும் வெருளாது நிற்கச் செய்தல் வேண்டும். இவ்வேலைக்குப் பெரியவரிலும் பிள்ளைகளே ஏற்றவர். எருமை தன்னைக் குளிப்பாட்டும் கையை மறப்பதில்லை. நேரான முதுகு, அகன்ற நெஞ்சு, உறுதியான கால், உடலோடு நன்கு இணைந்த மடி, ஒரே அளவினவாய் அமைந்த முலைகள், இலகுவான நடை ஆகியவற்றையே நடுவர் நோக்குவர். எண்ணெய் பூசிக் கொம்பை மினுக்குவது இவற்றுக்கு ஈடாகாது. பரிசுக்காகத் தவிடும் பிண்ணாக்கும் திணித்துக் கொழுக்கவைத்த நாகு அன்றைக்கு மின்னும். பின்னர் சினைப்பிடிப்பது அரிதாகலாம். அத்தகைய பரிசு குடும்பத்துக்கு நட்டமே.

கண்காட்சிக்கு ஒரு மாதம் முன்னராகவேனும் தொண்டை அடைப்பான், கால் வாய் நோய் ஆகியவற்றுக்கெதிரான தடுப்பூசிகள் போடப்பட்டிருத்தல் வேண்டும். தொண்டை அடைப்பான் மாரித் தொடக்கத்தில் வருவது. காய்ச்சல், வாய்நீர் வடிதல், தொண்டை வீக்கம் கண்ட எருமை ஒரு நாளைக்குள்ளேயே இறந்துவிடுதல் உண்டு. ஆகவே கண்காட்சி இல்லாத ஆண்டிலும் மாரிக்கு முன் இவ்வூசி தவறலாகாது. பிரயாணத்துக்குக் கால்நடை வைத்திய அதிகாரியின் உடல்நலச் சான்றிதழையும் முன்கூட்டியே பெற்றுக்கொள்க.

எருவைப் பற்றி ஒரு வார்த்தை. ஓர் எருமை நாளொன்றுக்கு ஏறக்குறைய 15 கிலோ சாணமிடும். எழுவான்கரை மணலில் நீரும் பசளையும் நில்லாது கீழே இறங்கிவிடுமாதலால், கத்தரிப் பாத்திக்கு இதனிலும் உகந்தது வேறில்லை. பச்சைச் சாணத்தைப் போடுதல் களைவிதையைப் போடுதலாகும். தின்று கழித்த வைக்கோலோடு குழியிலிட்டு மூன்று மாதம் மக்கவிட்ட பின்னரே பயன்படுத்துக.

கண்காட்சியிலிருந்து திரும்பிய நாகை, மாலையைக் கழற்றிய கையோடு பட்டியில் விடுதல் கூடாது. பல ஊர்ப் பிராணிகள் கூடிய இடத்தில் நின்று வந்த அதனை, மூன்று வாரம் தனியிடத்திற் கட்டி, தனித் தொட்டியில் நீர் காட்டி, மற்ற எருமைகளின் வேலையை முடித்த பின்னரே அதனிடம் செல்க. வாய்நீர் வடிதல், நொண்டுதல், தீனி மறுத்தல் ஆகியவற்றுள் எதுவும் காணப்படின் அன்றே கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிக்க.