துன்பத்திலும் தளராத விச்வாஸம்

துன்பம் நேருங்கால், ‘எம்பெருமான் நம்மைக் கைவிட்டானோ?’ என்னும் ஐயம் அடியார் உள்ளத்திலும் எழுவதுண்டு. குலசேகராழ்வார் அருளிய பெருமாள் திருமொழியின் 105 பாசுரங்களுள், மலைநாட்டுத் திருவித்துவக்கோட்டுப் பெருமானை நோக்கிய ஐந்தாம் திருமொழி இவ்வையத்திற்கு விடையாகும்.

துயர் களையப்படாவிடினும் அவன் சரணன்றி வேறு புகலில்லை என்பதே அதன் ஸாரம். அங்குள்ள மருத்துவன் உவமை ஊன்றி நோக்கத்தக்கது. மருத்துவன் அறுக்கிறான், சுடுகிறான். நோயாளிக்கு வலி பொய்யன்று. ஆயினும், அறுக்கும் கை பகைவனுடையதன்று என்பதை அவன் அறிவான். ஆதலின் அவனது அன்பு குறைவதில்லை. அவ்வறிவே விச்வாஸம்.

இதனால் கண்ணீர் விடுதல் பக்திக்குக் குறையென்று கொள்ளலாகாது. சினந்து தள்ளிய தாயையே நினைந்தழும் குழவியையும் ஆழ்வார் காட்டுகிறார். யாரை நினைந்து அழுகிறோம் என்பதே கருத்து.

நடுக்கடலில் மரக்கலத்தை விட்டுப் பறந்த பறவை, எத்திசையிலும் கரை காணாது பாய்மரத்திற்கே மீள்கிறது. கடல் வற்றவில்லை; அலையும் ஓயவில்லை. எனினும் காலூன்ற இடம் கிடைத்தது. இடரின் நடுவே அடியார் எய்தும் ஆனந்தமும் இத்தகையதே. அது துயர் தீர்ந்தபின் வருவதன்று. பற்றுமிடம் தெளிந்தவுடன் வருவது.

உத்ஸவத்தில் ஸேவிக்க வருவோருள் நோயும் கடனும் கவலையும் சுமந்து வருவோர் பலர். அச்சுமையை மறைக்க வேண்டுவதில்லை. அது இறங்கும்வரை காத்திராமல், அதனோடே திருவடி பற்றி நிற்கலாம், மகிழலாம்.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.