தொகுப்பி மௌனமாக இருந்தால் பிழை இல்லையா?



நாம் எழுதும் நிரலைக் கணினி விளங்கும் வடிவத்துக்கு மாற்றித் தருவது தொகுப்பி, அதாவது கொம்பைலர். மாற்றும்போதே சில தவறுகளைக் கண்டு எச்சரிப்பதும் அதன் பணி. ஆனால் லிஸ்ப் மொழியைக் கற்கும்போது, சார்புகளுக்குப் பிழையான உள்ளீடு கொடுத்தும் எச்சரிக்கை வராத இடங்கள் இருப்பதை நான் கவனித்தேன். அதற்கான காரணத்தை இங்கு விளக்குகிறேன்.

லிஸ்ப், அமெரிக்காவின் மசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஜோன் மெக்கார்த்தி 1958இல் உருவாக்கத் தொடங்கிய மொழி. அதன் கிளையான கொமன் லிஸ்ப் 1994இல் அமெரிக்காவில் நியமமாக்கப்பட்டது. இதில் அடைப்புக்குறிக்குள் சார்பின் பெயர் முதலிலும் உள்ளீடுகள் அதன் பின்னும் வரும். செவ்வகத்தின் பரப்பைக் காணும் சார்பொன்றை நாமே எழுதியதாகக் கொள்வோம்:

(பரப்பு 8 5)

விடை 40. இதை (பரப்பு 8) என எழுதினால் அகலம் விடுபட்டுவிடும். சார்பின் வரைவிலக்கணம் அதே கோப்பில் இருந்தால், எஸ்.பி.சி.எல். போன்ற தொகுப்பி எண்ணிக்கை பொருந்தவில்லை என எச்சரிக்கும். எச்சரிக்காத இடங்கள் மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது, சார்பு வேறொரு கோப்பில் பின்னர் வரவிருப்பது. அதற்கு எத்தனை உள்ளீடு வேண்டும் என்பது தொகுப்பிக்குத் தெரியாது. அந்தப் பெயரை அறியேன் என்று மட்டுமே சொல்லும்.

இரண்டாவது, எந்தச் சார்பு என்பதே நிரல் ஓடும்போது தீர்மானமாவது. லிஸ்பில் எண்ணைப் போலவே சார்பையும் ஒரு மாறியில் வைத்து, 'ஃபன்கோல்' மூலம் அழைக்கலாம்.

மூன்றாவது, எண்ணிக்கை சரியாக இருந்து ஒழுங்கு மாறுவது. அடுக்குக் காணும் 'எக்ஸ்ப்ட்' சார்புக்கு 2, 3 எனக் கொடுத்தால் 8 வரும். 3, 2 எனக் கொடுத்தால் 9 வரும். நாம் நினைத்தது எது என்பதை எந்தத் தொகுப்பியாலும் அறிய முடியாது.

இதை மொழியின் குறை என்று மட்டும் சொல்ல முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்தாமலே ஒரு சார்பை மாற்றி எழுத லிஸ்ப் இடமளிக்கிறது. அந்தச் சுதந்திரத்துடன் சரிபார்க்கும் பொறுப்பும் நம்மிடம் வருகிறது.

பரீட்சைப் புள்ளிகளைக் கணிக்கும் நிரலொன்றை எண்ணிப் பாருங்கள். பரீட்சைக்குச் சமுகமளிக்காதவருக்கான பகுதி எப்போதாவதுதான் ஓடும். அங்கே உள்ளீட்டு எண்ணிக்கை தவறியிருந்தால் நிரல் அன்றுதான் இடைநிற்கும். ஒழுங்கு மாறியிருந்தாலோ இடைநிற்காமலே ஒரு மாணவிக்குப் பிழையான புள்ளியைக் கொடுத்துவிடும்.

ஆகவே மூன்று பழக்கங்கள் வேண்டும். உள்ளீட்டின் வகையைச் சார்பினுள் 'செக்-டைப்' கொண்டு சோதியுங்கள். ஒழுங்கு குழம்பக்கூடிய இடங்களில், (பரப்பு :நீளம் 8 :அகலம் 5) என உள்ளீடுகளைப் பெயரிட்டுக் கொடுக்கும் விதமாகச் சார்பை வரையறுங்கள். நிரலின் ஒவ்வொரு கிளையையும், விடை தெரிந்த ஒரு கணக்கைக் கொடுத்து ஒரு தடவையேனும் ஓட்டிப் பாருங்கள்.

உயர்தரத்தில் பைதன் கற்கும் தோழிகளுக்கும் இது பொருந்தும். பைதனும் உள்ளீடுகளின் எண்ணிக்கையை அந்த வரி ஓடும்போதுதான் சரிபார்க்கிறது. உங்கள் அடுத்த நிரலில் இதுவரை ஓடாத வரி எது என்று தேடிப் பாருங்கள்.