விண்ணப்பத்துக்கு முன் ஒரு கணக்கு: வெளிநாட்டு மேற்படிப்பும் குடும்பத்தின் கடனும்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகில், இந்திரா நகரை ஒட்டி அமைந்துள்ள மர்பி டவுன், முன்னாளில் நாக்ஸ்பேட்டை என வழங்கப்பட்ட பகுதியாகும். கண்டோன்மென்ட் பணிகளுக்காகத் தமிழ்ப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். அத்தகைய குடும்பங்களில் முதல் பட்டதாரியான மகனோ மகளோ, "வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன்" என்று சொல்லும் நாள் மகிழ்ச்சிக்குரியது. அதே நாளில் இன்னொரு கேள்வியும் எழுகிறது: பணத்துக்கு என்ன செய்வது?

பெரும்பாலான குடும்பங்கள் இக்கேள்விக்கான விடையைச் சேர்க்கைக் கடிதம் வந்த பிறகே தேடத் தொடங்குகின்றன. அப்போது முன்பணம் கட்டுவதற்கும் விசா நேர்காணலுக்கும் சில வாரங்களே எஞ்சியிருக்கும். அந்த அவசரத்தில் வீட்டுப் பத்திரம் பிணையமாகிறது. ஓய்வுபெறும் வயதை நெருங்கிய தந்தை இணைக் கடனாளராகக் கையெழுத்திடுகிறார். கடன் கணக்கை விண்ணப்பப் பட்டியலுக்கு முன்பே போட்டுவிட்டால், எந்த நாடு, எந்தப் படிப்பு, எத்தனை பல்கலைக்கழகங்கள் என்பவற்றையெல்லாம் குடும்பமே அமைதியாகத் தீர்மானிக்கலாம். அக்கணக்கைப் போடும் முறையை இக்கட்டுரையில் காண்போம்.

ராமானுஜன் பயணத்தின் வரவு செலவு

கணித மேதை ராமானுஜன் 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தபடியே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார் என்பதை நாம் அறிவோம். அக்கடிதத்தில் தம்மைப் பற்றிய புகழுரை ஏதுமின்றி, தாம் கண்ட தேற்றங்களையே அவர் வரிசையாக எழுதி அனுப்பினார். இன்று பல்கலைக்கழகங்கள் கேட்கும் நோக்க உரைக்கு இதைவிடச் சிறந்த முன்மாதிரி இல்லை. "சிறு வயது முதலே ஆர்வம் உண்டு" என்ற வரியைக் காட்டிலும், இறுதியாண்டுத் திட்டப்பணியில் எடுத்துக்கொண்ட சிக்கல், கையாண்ட முறை, கிடைத்த முடிவு ஆகியவற்றைச் சொல்லும் ஒரு பத்தி தேர்வுக் குழுவினரின் கவனத்தைப் பெறும்.

அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்றும் உண்டு. 1914இல் அவர் கப்பலேறியபோது சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கியது. அதில் 50 பவுன் இந்தியாவிலிருந்த அவருடைய குடும்பத்தின் பராமரிப்புக்கென ஒதுக்கப்பட்டது. டிரினிட்டி கல்லூரி தன் பங்காக 60 பவுன் அளித்தது. ஆக, அவர் அங்கே எப்படி வாழ்வார் என்பதோடு, இங்கே குடும்பம் எப்படி வாழும் என்பதற்கும் ஏற்பாடு இருந்தது. மாணவர் செலவு, குடும்பச் செலவு என்ற இவ்விரு பத்திகளும் நம் கணக்கிலும் இடம்பெற வேண்டும்.

தகுதி விதியை முதலில் பார்க்க

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சர் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் 1940 முதல் பணியாற்றியவர் அன்னா மணி. மாணிக்கம், வைரம் ஆகியவற்றின் ஒளியியல் பண்புகளை ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டார். 1945இல் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. அவரிடம் முதுகலைப் பட்டம் இல்லை என்பதே காரணம். அதே ஆண்டு அரசு உதவித்தொகை பெற்று லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்றார். 1948இல் நாடு திரும்பி இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, நாட்டின் வானிலைக் கருவித் தயாரிப்புக்கு அடித்தளமிட்டார்.

உழைப்பும் திறமையும் நிறைந்திருந்தும் விதிமுறையின் ஒரு வரி குறுக்கே நிற்கக்கூடும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. இன்றைய நிலையில் அந்த ஒரு வரி பெரும்பாலும் படிப்பின் கால அளவைப் பற்றியது. பி.எஸ்ஸி., பி.காம்., பி.சி.ஏ. போன்ற மூன்றாண்டுப் பட்டங்களைச் சில பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. வேறு பல, நான்காண்டுப் படிப்பை வலியுறுத்துகின்றன. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் திரும்ப வராத கட்டணம் உண்டு. ஆதலால் கட்டணம் செலுத்துமுன் துறையின் சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்துவடிவில் பதில் பெறுவது நலம்.

யார் பணம் தருகிறார்கள்?

கணக்கின் அடுத்த படி இது. அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் துறைகளின் முனைவர் பட்ட மாணவர்களுக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடியாவதுடன், கற்பித்தல் அல்லது ஆய்வு உதவியாளர் பணிக்கு மாத ஊதியமும் கிடைக்கும். முதுநிலைப் படிப்புக்கு அவ்வாறு கிடைப்பது அரிது. ஆய்வில் மெய்யான நாட்டமுள்ளவர், இளநிலைப் பட்டத்துடனேயே நேரடியாக முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கப் பல துறைகளில் இடமுண்டு.

ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கல்விக் கட்டணம் பெறுவதில்லை. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ பெறுகிறது. எனினும் விசாவுக்காக ஓராண்டு வாழ்க்கைச் செலவை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே செலுத்த வேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. மேலும், 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். சான்றிதழும் பெற வேண்டும். கட்டணம் இல்லை என்பதற்குச் செலவு இல்லை என்று பொருளாகாது.

உதவித்தொகைகளில் ஃபுல்பிரைட்-நேரு, செவ்னிங், காமன்வெல்த், ஜெர்மனியின் டி.ஏ.ஏ.டி., ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் ஆகியவை பலரும் அறிந்தவை. பட்டியல் சாதியினர் உள்ளிட்ட பிரிவினருக்கு மத்திய சமூக நீதி அமைச்சகம் வழங்கும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். கர்நாடக அரசின் பிரபுத்தா திட்டம் அம்மாநிலத்தின் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கானது. 1892இல் தொடங்கப்பட்ட ஜே. என். டாட்டா அறக்கட்டளை இன்றும் கடன் உதவித்தொகை வழங்கி வருகிறது. இவற்றுள் பலவற்றின் இறுதி நாள், பல்கலைக்கழக விண்ணப்ப நாளுக்கு முன்னதாகவே முடிந்துவிடுகிறது என்பதை நினைவில் கொள்க.

கடன் கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு

இந்திய வங்கிகள் சங்கத்தின் முன்மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தின்படி, 4 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு மார்ஜின் எனப்படும் சொந்தப் பங்கு 15 விழுக்காடு. மாணவர் பெறும் உதவித்தொகையையும் இப்பங்கில் சேர்த்துக்கொள்ளலாம். கடன் 7.5 லட்சம் ரூபாயைக் கடந்தால் சொத்துப் பிணையம் தேவை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விடுப்புக் காலமாகும். அக்காலத்தில் தனிவட்டி கணக்கிடப்படும். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தவணையில் செலுத்தலாம். வங்கிக்கு வங்கி விவரங்கள் சிறிது வேறுபடும்.

ஈராண்டு முதுநிலைப் படிப்புக்கு மொத்தச் செலவு 20 லட்சம் ரூபாய் எனக் கொள்வோம். சொந்தப் பங்கு 3 லட்சம். கடன் 17 லட்சம். கணக்கின் எளிமைக்காக வட்டி ஆண்டுக்கு 10 விழுக்காடு என்றும், முழுத் தொகையும் தொடக்கத்திலேயே வழங்கப்பட்டது என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டு வட்டி 1.7 லட்சம். மூன்றாண்டு விடுப்புக் காலத்தில் 5.1 லட்சம் சேர்ந்து, கடன் 22.1 லட்சமாகிறது. அதைப் பத்தாண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 29,200 ரூபாயும், பதினைந்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 23,750 ரூபாயும் தேவை. முதல் முறையில் செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ 35 லட்சம். இரண்டாம் முறையில் 42.75 லட்சம்.

இதற்கு மாறாக, தவணை விடுப்புக் காலம் முழுவதும் குடும்பம் மாதந்தோறும் வட்டியை, அதாவது சுமார் 14,170 ரூபாயை, செலுத்தி வந்தால் அசல் 17 லட்சத்திலேயே நிற்கும். அப்போது பத்தாண்டுத் தவணை மாதம் சுமார் 22,470 ரூபாயாகக் குறையும். நடைமுறையில் கடன் பருவந்தோறும் பகுதி பகுதியாக வழங்கப்படுவதால் வட்டி இதைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும்.

நாணய மாற்று விகிதத்துக்கும் இடம் விட வேண்டும். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் 12,000 டாலர் எனில், டாலரின் மதிப்பு 4 ரூபாய் உயர்ந்தாலே 48,000 ரூபாய் கூடுதலாகத் தேவைப்படும்.

இப்போது குடும்பம் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: படிப்பு முடிந்து ஓராண்டு வரை வேலை கிடைக்காவிட்டால், அந்த மாதத் தவணையை நம் வருமானத்திலிருந்து எத்தனை மாதம் செலுத்த இயலும்? விடை ஆறு மாதத்துக்கும் குறைவு எனில், விண்ணப்பப் பட்டியலில் கட்டணம் குறைந்த பல்கலைக்கழகங்களைச் சேர்க்க வேண்டும். அல்லது ஓரிரு ஆண்டுகள் பணியாற்றிச் சேமித்தபின் விண்ணப்பிக்கலாம். பணி அனுபவம் பல படிப்புகளுக்குக் கூடுதல் தகுதியாகவும் அமையும். தவணை தவறினால் மாணவருடன் இணைக் கடனாளரான பெற்றோரின் கடன் மதிப்பெண்ணும் பாதிக்கப்படும். தங்கையின் படிப்புக்கோ வீட்டுப் பழுதுபார்ப்புக்கோ பின்னாளில் கடன் தேவைப்படும்போது அது தடையாக வந்து நிற்கும்.

வீட்டுப் பத்திரம் யார் பெயரில்?

பழைய குடியிருப்புகளில் அடிக்கடி காணும் நிலை ஒன்றுண்டு. வீட்டில் மூன்று குடும்பங்கள் வாழ்கின்றன. பத்திரமோ மறைந்த பாட்டனார் பெயரிலேயே நிற்கிறது. அவ்வீட்டைப் பிணையமாக வைக்க வாரிசுகள் அனைவரின் உரிமையும் தெளிவாக வேண்டும். பெரியப்பாவும் அத்தையும் மனமுவந்து இசைந்தாலும், வாரிசுச் சான்று, பாகப்பிரிவினைப் பதிவு, கத்தா மாற்றம், வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பெற மாதங்கள் ஆகும். இவ்வேலையைச் சேர்க்கைக் கடிதத்துக்காகக் காத்திராமல் தொடங்கிவிட வேண்டும். கையெழுத்திடும் உறவினர் அனைவருக்கும், தவணை தவறினால் அவ்வீட்டுக்கு என்ன நேரும் என்பதைத் தமிழில் தெளிவாக எடுத்துரைப்பதும் கடமையாகும். வைப்புத்தொகை, ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் போன்ற வேறு பிணையங்கள் போதுமா என்பதையும் கிளை மேலாளரிடம் கேட்டறியலாம்.

பெயரும் தாள்களும்

தமிழர் பெயரில் தலைப்பெழுத்து முன்னே நிற்கும். குடும்பப் பெயர் என ஒன்று இராது. மதிப்பெண் பட்டியலில் தலைப்பெழுத்தாகவும், ஆதாரில் தந்தையின் முழுப் பெயராகவும், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயராகவும் இருந்தால் ஒவ்வொரு படியிலும் விளக்கம் எழுத வேண்டிவரும். கடவுச்சீட்டில் முதற்பெயருக்கான இடம் வெறுமையாக இருப்பின் அமெரிக்க விசாவில் அவ்விடத்தில் எஃப்.என்.யூ. என்று அச்சிடப்படும். ஆகவே முதலில் கடவுச்சீட்டைச் சீர்செய்து, தேர்வுப் பதிவு, விண்ணப்பம், கடன் மனு அனைத்திலும் அதே வடிவத்தைப் பின்பற்றுக.

டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் தொகுப்பு மதிப்பெண் சான்றைப் பெங்களூர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் ஞானபாரதி வளாகத்திலும், விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் பெலகாவியிலும் கோர வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஒதுக்குக. ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபல் மதிப்பெண்கள் ஈராண்டும், ஜி.ஆர்.இ. மதிப்பெண் ஐந்தாண்டும் செல்லும்.

முகவர்களிடம் எச்சரிக்கை தேவை. போலிச் சேர்க்கைக் கடிதங்களால் இந்திய மாணவர்கள் பாதிக்கப்பட்ட செய்தி வெளிவந்தபின், கனடா அரசு 2023 டிசம்பர் முதல் ஒவ்வொரு சேர்க்கைக் கடிதத்தையும் கல்வி நிறுவனத்திடமே சரிபார்க்கிறது. விண்ணப்பக் கணக்கின் கடவுச்சொல்லும் மின்னஞ்சலும் எப்போதும் மாணவர் கையிலேயே இருக்கட்டும்.

ஓராண்டுத் திட்டம்

ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு, முந்தைய ஆண்டு மே மாதத்திலேயே பணி தொடங்க வேண்டும். மே, ஜூன் மாதங்களில் கடன் கணக்கு, கடவுச்சீட்டு, சொத்து ஆவணங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை தகுதித் தேர்வுகள். அக்டோபருக்குள் டிரான்ஸ்கிரிப்ட், பரிந்துரைக் கடிதம் தரும் பேராசிரியர்களுக்கு ஒரு மாதமேனும் அவகாசம். டிசம்பர், ஜனவரியில் விண்ணப்ப இறுதி நாட்கள். பிப்ரவரி, மார்ச்சில் முடிவுகள். நிதியுதவியுடன் அழைப்பு விடுக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுள் பல, ஏப்ரல் 15 வரை மாணவர் முடிவெடுக்கக் காத்திருக்க ஒப்புக்கொண்டவை. அதற்கு முன் அவசரப்பட வேண்டியதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கடன் ஒப்புதல், பின்னர் விசா.

பிரிட்டன் விசாவுக்குச் சேமிப்பைக் காட்டுவோர், தேவையான தொகையைத் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் வைத்திருக்க வேண்டும். பணம் அனுப்பும்போது, நிதி நிறுவனத்தில் பெற்ற கல்விக் கடனிலிருந்து செல்லும் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் மூலத்தில் வரி வசூல் இல்லை; சொந்தப் பணத்துக்கு வரம்பு உண்டு.

மே மாதத்தில் கிளைக்கு வரும்போது மாணவர் தனியே வராமல் பெற்றோருடன் வருவது நல்லது. உத்தேசப் பல்கலைக்கழகங்கள் மூன்றின் கட்டண விவரம், பெற்றோரின் வருமானச் சான்று, சொத்துப் பத்திரத்தின் நகல் ஆகிய மூன்றும் போதும். விண்ணப்பக் கட்டணமாக ஒரு ரூபாயும் செலவிடாத அந்த நிலையில், கேட்க வேண்டிய கேள்விகள் அனைத்தையும் கேட்டுத் தெளிவு பெறலாம்.